நாற்பத்தொரு பிழைகளின் நாயகருக்கு

பிழையறியாப் பெருந்தகையே என்று தொடங்கச் சொல்கிறார்களே, இந்தப் பிரிவு வாழ்த்துமடலை எப்படி வாய்விட்டுப் படிப்பேன்? எழுத உட்கார்ந்தபோது என் மனத்தில் ஓடியது இதுதான். ஆகவே, ராஜாங்கம் ஐயா அவர்களே, பத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு பாடுபட்டவரே, பழுதான பெட்டி ஒன்றுக்காகக் கொட்டும் மழையில் கல்வராயன் மலையேறியவரே, எங்களில் ஒருவரையும் வாடிக்கையாளர் ஏச விடாதவரே, வணக்கம்.

தடுப்பூசிக் குளிர்பெட்டியைக் கண்காணிக்கும் நம் கருவியின் கெர்னலில், அதாவது அதன் அடிப்படை மென்பொருளில், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் பகுதியை எழுதியவர் நீங்கள். வேகமான நிரல். ஆனால் நினைவகம் தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல அதற்குத் தெரியாது. ஒரு வேலைக்கு மூன்று துண்டு நினைவகம் கேட்டு இரண்டு மட்டும் கிடைத்தால், அந்த இரண்டையும் திருப்பித் தந்துவிட்டுத் தோல்வி என்று அறிவிக்க வேண்டும். உங்கள் நிரலோ இரண்டையும் மடியில் முடிந்துகொண்டு, வெற்றி என்று பூஜ்யத்தை அனுப்பும். கேட்டால், "இன்னாம்மா நீ, கெட்ட சேதிய எதுக்குச் சொல்லிக்கினு? மெமரி கம்மியானா தானா வரும், போ" என்பீர்கள். தானாக வரவில்லை, ஐயா.

சித்திரையில், மலைமேல் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் குளிர்பெட்டி நின்று இரண்டு நாளாகியும் நம் கருவியின் திரை, குளிர் சரியாக இருப்பதுபோல், நான்கு டிகிரி என்றே காட்டியது. நினைவகம் தீர்ந்து அது அளப்பதையே நிறுத்தியிருந்தது. செவிலியர் கலையரசி தொலைபேசியில் சொன்னார்: "ஊசியெல்லாம் வீணா போச்சுங்க. கொழந்தைங்கள தூக்கிக்கினு அஞ்சு ஊர்லேருந்து வந்து உக்காந்திருக்காங்க. ஒங்க பெட்டி நல்லா இருக்குதுன்னுதானே சொல்லிக்கினு இருந்துச்சு?"

விடைபெறுபவர் பெயரில், தீர்ந்தது என்று குறித்து மூடாத பிழை ஒன்றும் பதிவேட்டில் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது நம் அலுவலக வழக்கம். உங்கள் பெயரில் நாற்பத்தொன்று. மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். திறந்த இடத்திலெல்லாம் அதே பூஜ்யம். கோபம் உங்கள்மேல் மட்டுமில்லை என்பது இருபதாவதில்தான் உறைத்தது. நீங்கள் எழுதிய நிரல்களைச் சரிபார்த்துக் கருவியில் சேர்த்தவள் நான். உங்கள் சிரிப்பை நம்பி, படிக்காமலே சரி என்று சொன்ன நாட்களும் உண்டு.

நாற்பது தீர்ந்தன. மலைக்கருவியின் பிழை மட்டும் முழுதாகப் பிடிபடவில்லை. பல நாள் ஓடிய பிறகே தலைகாட்டுகிறது. இன்று காலை என் மேசைக்கு வந்து, "அத்தயும் மூடிடும்மா. பேர் சுத்தமா வூட்டுக்குப் போறேன்" என்றீர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நோயற்ற நெடுவாழ்வும், திருநாவலூர் வயலில் காலார நடக்கும் ஓய்வும், துணைவியார் ராணியம்மாளோடு நிறைவான நாட்களும் உங்களுக்கு வாய்க்கட்டும். இதில் எங்கள் எல்லாருக்கும் ஒரே மனம்.

அந்தப் பிழையை மட்டும் நான் மூடவில்லை, ஐயா.

பணியாளர்கள் சார்பில்,
செந்தமிழ்ச்செல்வி
கள்ளக்குறிச்சி