அடைப்பு வீடு வாங்கிய விவரம்

அளவான வருமானத்தில் சொந்த வீடு வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் ஊரான பெத்தபண்டவை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கர்னூலுக்குக் கால்மணி நேரத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது. சுற்றியுள்ள நாற்பது கிராமத்து வெங்காயமும் மிளகாயும் இங்கேதான் விலை பேசப்படுகின்றன. ஆகவே வியாழக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் அனேகமாக இல்லை. அப்படியிருந்தும், கர்னூலில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு ஆகும் விலையில் இங்கே முற்றத்தோடு வீடு கிடைக்கும். ஆய்வாளர் ஐயா அவர்கள் மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆகிறது என்றும், வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் இதை முதலில் குறிப்பிட்டேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டுகிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தர அனுமதித்தமைக்கு நன்றி. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். என் பெயர் ஓபுலேசு. ஊரார் ரைட்டர் என்பார்கள். என் மனைவி சுகுணா தங்களிடம் வந்து சொன்னவற்றைப் படித்துக் காட்டினீர்கள். அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதில் ஒரே ஒரு திருத்தம் உண்டு. மூன்று மணி நேரம் என்று சொல்லியிருக்கிறாள். சரியாகச் சொன்னால் இரண்டு மணி நேரம் நாற்பத்தேழு நிமிடம்.

எங்களுக்கு ஒரே பெண். ஹைமா என்று அழைப்போம். பத்தொன்பது வயதில், நான்கு நாள் காய்ச்சலில், கர்னூல் மருத்துவமனையில் இறந்துபோனாள். அப்போது நாங்கள் பழைய பஞ்சு ஆலைக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தோம். வண்டி வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்கார அம்மாள் ஓடி வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு என்னிடம், "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவ எங்களுக்கும் பொண்ணுதான். ஆனா உள்ள மட்டும் கொண்டு வரவேணாம். நாளைக்கு நாங்க இதுல குடியிருக்கணும் பாருங்க" என்றார்கள்.

"பரவாயில்லைங்க" என்று சொன்னேன். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களின் சாவை எந்த வீட்டுக்காரரும் உள்ளே ஏற்பதில்லை. ஹைமாவைத் தெருவில், பால் விற்கும் பெட்டிக்கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினோம். நடுவில் மழை வந்தது. என் மனைவி தன் முந்தானையால் அவள் முகத்தை மூடினாள். அது போதவில்லை. வீட்டுக்கார அம்மாள் எல்லோருக்கும் டீ போட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்லவர்கள்.

அதன் பிறகு சுகுணா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாடி வேணாம், கெணறு வேணாம். நான் செத்தா உள்ள கொண்டு வராதேன்னு யாரும் சொல்ல முடியாத ஒரு வாசப்படி வேணும்" என்றாள். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கிரயம் எழுதியவன் நான். எனக்கென்று ஒன்றுகூட எழுதியதில்லை.

நாகபூஷணம் செட்டி அவர்கள் எங்களைக் குடிவைத்துக்கொண்டது அப்போதுதான். மார்க்கெட் யார்டு சாலையில், முன்னால் வேப்பமரமும் பின்னால் பெரிய முற்றமும் உள்ள வீடு. பக்கத்துப் பகுதியை எங்களுக்குக் கொடுத்தார். மனைவியை இழந்தவர். மகள் பத்மஜா பெங்களூரில் இருந்தாள். நாற்பது ஆண்டுகள் மிளகாய் மண்டி நடத்தியதில் நுரையீரல் கெட்டுப்போய், கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார். சுகுணா அவரை 'அண்ணையா' என்பாள். அவருக்குக் காரமில்லாமல் தனியாகச் சமைப்பாள்.

"மிளகாய் வித்தே சம்பாதிச்சேன், இப்ப மிளகாய் இல்லாம திங்கச் சொல்றா உன் பொண்டாட்டி. ஏம்ப்பா ரைட்டரு, இதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடலாம்?" என்று என்னிடம் புகார் செய்வார்.

"கேஸ் போட்டா சாப்பாடு யாரு போடுவா அண்ணையா?" என்று சுகுணா உள்ளிருந்து கேட்பாள்.

"அதான் பாரு, வாயைத் தொறக்க முடியல."

ஒரு நாள் அவராகவே சொன்னார். "எனக்கப்புறம் இந்த வீட்டைப் பத்மஜா வச்சுக்கப் போறதில்ல. நீயே எடுத்துக்க ரைட்டரு. உன்னால என்ன முடியுமோ அதைக் குடு." என்னால் முடிந்தது பதினொரு லட்சம் என்றேன். "சரி, அதான் வெல" என்றார். சுகுணா அன்று முற்றத்தைக் கழுவிக் கோலம் போட்டாள். கோலம் போட்டுக்கொண்டே அழுதாள்.

அடுத்த ஆண்டு யார்டு சாலையை அகலப்படுத்தினார்கள். குளிர்கிடங்கு முதலாளி நரசிம்முலு வந்து செட்டியாரின் முற்றத்தை டேப் பிடித்து அளந்து பார்த்தார். என் விலையைப் போல் மூன்று மடங்கு தருவதாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து செட்டியார் தொலைபேசியில் மகளிடம், "சரிம்மா. ஞாயித்துக்கிழமை வா. கையெழுத்தைப் போட்டு முடிச்சிரலாம்" என்று சொன்னதும் விழுந்தது.

யாருக்குக் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். பெரியவர், எங்களுக்கு நிழல் கொடுத்தவர். கொடுத்த வாக்கை நினைவுபடுத்துவது அவரைச் சந்தேகிப்பது போலாகாதா? அது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே யாரும் பஞ்சாங்கம் பார்க்காமல் பத்திரத்தில் கைநாட்டுக்கூட வைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளின் நட்சத்திரமும் எத்தனை மணிக்கு மாறுகிறது என்பது எனக்கு மனப்பாடம். சாவுக்கும் நட்சத்திரம் உண்டு. அவிட்டத்தின் பின்பாதி தொடங்கி ரேவதி முடியும்வரை யார் இறந்தாலும் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. எல்லோரும் வெளியேறி, கதவைப் பூட்டி, விளக்குக்கூட ஏற்றாமல் விட்டுவிடுவார்கள். அடைப்பு விழுந்த வீட்டை விற்பது கடினம். வாங்க ஆள் வருவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்படிப்பட்ட வீடு எதற்கும் நான் கிரயம் எழுதியதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அது வியாழக்கிழமை. சுகுணா அங்கன்வாடி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டரைக்கு முன் வரமாட்டாள். மறந்துபோன ஒரு நகலை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். செட்டியார் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஐந்து. டாக்டர் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்: சிலிண்டரை இரண்டாம் கோடுவரை திறந்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று. அவருடைய மருத்துவமனை நான்கு தெரு தள்ளித்தான். என் சட்டைப்பையில் போன் இருந்தது.

அன்று அவிட்டத்தின் பின்பாதி தொடங்குவது பகல் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. அவர் பிழைத்தால் வீடு நரசிம்முலுவுக்குப் போகும். உடனே இறந்தாலும் மகள் கைக்கு வந்து நரசிம்முலுவுக்கே போகும். இவ்வளவுதான் நான் யோசித்தது. சிலிண்டரை அரைக் கோடுவரை திறந்தேன்.

"டாக்டருக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் அண்ணையா. சந்தைக் கூட்டத்துல வண்டி மாட்டிக்கிச்சாம். இதோ வந்துருவாரு."

"வியாழக்கிழமை..." என்று சிரிக்கப் பார்த்தார். "சாகறவனுக்குக்கூட வழி விடமாட்டானுங்க. எல்லாம் என் மிளகாய்க்கார ஆளுங்கதான்."

அவரைச் சாய்த்து உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினேன். நெற்றியைத் துடைத்தேன். உதடு நீலமாகும்போது சிலிண்டர் குமிழைக் கொஞ்சம் திருப்புவேன். நிறம் திரும்பியதும் மறுபடி குறைப்பேன். ஒரு நொடி அவரை விட்டு நான் அகலவில்லை. பெற்ற மகனே ஆனாலும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான் என்பது என் தாழ்மையான கருத்து. அவர் என் கையைப் பிடித்திருந்தார். நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவர் பேசினார். இடைவெளி விட்டு விட்டு வந்த சொற்களைச் சேர்த்து எழுதுகிறேன். "ரைட்டரு, பத்திரத்தை எழுதி வச்சுடு. ஞாயித்துக்கிழமை பத்மஜா வரா. அவளும் கையெழுத்துப் போட்டாத்தானே பின்னால யாரும் தகராறு பண்ணமாட்டாங்க. வீடு உனக்குத்தான். சுகுணாகிட்ட சொல்லாத, நானே சொல்லணும்."

"பேசாதீங்க அண்ணையா, மூச்சு வீணாகும்" என்றேன்.

அப்போதாவது டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று என் மனைவியும் கேட்டாள். இரண்டு காரணங்கள் இருந்தன. மூச்சுத் திணறும் மனிதரின் வாய்ச்சொல் சட்டத்தில் நிற்காது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது, டாக்டருக்குச் சொல்லிவிட்டேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இப்போது அவர் முன்னாலேயே போனை எடுத்து முதல்முறையாகப் பேசினால், ஒன்றரை மணி நேரமாக நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துபோகும். என்மீது அவ்வளவு மதிப்பு வைத்திருந்தவர். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகும் அவர் நான்கைந்து முறை வாசலைப் பார்த்தார். "வந்துட்டாரு அண்ணையா, யார்டு கேட்டுக்கிட்ட வந்துட்டாராம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நம்பித் தலையை ஆட்டினார்.

ஒரு மணி ஐம்பத்திரண்டுக்குக் குமிழை மூடினேன். அதன் பிறகு பதின்மூன்று நிமிடம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்ததே இரண்டு மணிக்குத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். புரோகிதர் நேரம் கேட்டார். இரண்டு ஐந்து என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, ஒரு பதினைஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருக்கக் கூடாதா மனுஷன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நரசிம்முலு மாலை போட வந்தார். தெருவிலேயே நின்று, "அடைப்பு வீடா? என் வெங்காயமெல்லாம் முளைச்சுப் போயிடும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். செட்டியாரைக் கூடத்தின் நடுவில், அவர் வீட்டுக்குள்ளேயே, பூப்போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சுகுணா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

நாங்களும் வீட்டைக் காலி செய்துகொண்டு பேருந்து நிலையத்தருகே ஓர் அறைக்குப் போனோம். இரண்டாம் மாதம் பத்மஜா மறுபடி வந்தாள். அடைப்பைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று இருந்தேன், அவளே முந்திக்கொண்டாள். "பதினோரு லட்சம்னு அப்பா உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்காரு அண்ணா. நரசிம்முலு கேட்டப்ப, ரைட்டருக்குச் சொல்லிட்டேன்னு அன்னைக்கே அனுப்பிட்டாராம். அந்த ஞாயித்துக்கிழமையே நான் வந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியது" என்றாள். பிறகு, "கடைசியில என்னைத் தேடினாரா அண்ணா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நிம்மதியாப் போனாரு" என்றேன். நல்ல முகூர்த்தம் பார்த்து, என் கையாலேயே கிரயப் பத்திரம் எழுதினேன். அதில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

நான்காம் மாதம், ஒரு நாள் சாயங்காலம் சுகுணா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டு, "நீங்க வர்ற வரைக்கும் அண்ணையா தனியாக் கெடந்து தவிச்சிருப்பாரே. ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லாம" என்று அழ ஆரம்பித்தாள். மகளுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. ஆறுதலுக்காகத்தான் சொன்னேன்: "தனியா இல்ல சுகுணா. பதினொண்ணு அஞ்சுலேர்ந்து நான் கூடவே இருந்தேன். தண்ணி குடுத்தேன்."

கையில் ஒட்டியிருந்த மாவோடு அவள் என்னையே பார்த்தாள். "அப்ப டாக்டரை ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள். கட்டிய மனைவியிடம் மறைப்பது முறையல்ல என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கடைசியில், "இதை ஹைமாவுக்காகச் செஞ்சேன்னு சொல்லிடாதீங்க. அவ பேரை எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் தங்களிடம் வந்திருக்கிறாள் என்று இப்போது அறிகிறேன்.

ஆகவே, நாகபூஷணம் செட்டி அவர்கள் இறந்தது என் செயலால்தான் என்பதை முழு நினைவுடனும், யாருடைய வற்புறுத்தலுமின்றியும் ஒப்புக்கொள்கிறேன். சட்டம் தரும் தண்டனையை ஏற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வீடு சுகுணா பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. சாவியைத் தங்கள் மூலமாக அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் தொடவில்லை என்று ஏட்டு ஐயா சொன்னார். படித்தவளாக இருந்தும் அவளுக்கு இந்த நட்சத்திர நம்பிக்கையெல்லாம் கொஞ்சம் அதிகம். தாங்கள் மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். அடைப்பு முடிய இன்னும் பதினேழு நாட்கள்தான் இருக்கின்றன. அதன் பிறகும் அந்த வீட்டுக்குள் வராமலிருக்க அவளுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.