விடிந்து இரண்டு மணிக்கு: பதிவேட்டறைச் சொமோயே நசோரோ அம்மையாருக்கு நம்குண்டா மருத்துவமனைப் பணியாளர்களின் மடல்

பதிவேட்டறையின் பழுதறியாப் பணிமகளே! பெயரைப் பிழையின்றி எழுதுவதே பிணியாளருக்குச் செய்யும் முதற் பணிவிடை என்று பேசாமலே எங்களுக்குப் புரிய வைத்த பெருந்தகையே! தென் தான்சானியாவின் முந்திரி மேட்டில், முப்பத்தோராண்டு முறைமை தவறாது, முகம் சுளிக்காது, முதல் ஆளாய் வந்து கதவு திறந்த எங்கள் மூத்த தோழியே! சொமோயே நசோரோ அம்மையாரே! வணக்கமும் வாழ்த்தும் வழியனுப்ப மனமில்லாத வாட்டமும் ஒருங்கே கலந்து, நாங்கள் பணி ஓய்வு பெறும் தங்கள் முன் நிற்கிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஆய்வகத்துக் கசெம்பே ஆகிய என்னிடம் விட்டார்கள். புகழ்மொழிகளை அடுக்கிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பணியாளர் கூட்டத்தில், கண் நோயாளிகள் கதையை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று செவிலியர் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டனர். அந்தக் கதையில் எங்களுக்குப் பெருமை இல்லை. ஆயினும் எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கோ ஒரு நாட்டின் நல்லவர்கள் அனுப்பிய ஆறு கணினிகள் நம் மருத்துவமனை வாசலில் வந்து இறங்கின. அவை அந்த நாட்டையும் கூடவே சுமந்து வந்திருந்தன. மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாக எழுதின. தாளின் அளவைத் தவறாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரியை வெட்டித் தள்ளின. மார்ச் நான்காம் நாள் தடுப்பூசிக்கு வர வேண்டிய குழந்தைகள் ஏப்ரல் மூன்றாம் நாள் வந்தனர். திரையில் இருந்த ஆங்கிலத்தைக் கண்டு, பிரசவ வார்டின் எழுத்தர் ஃபாத்து சுட்டியைத் தொடவே அஞ்சினார். நாங்களோ அது கணினியின் குணம், மனிதர்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்றிருந்தோம்.

தாங்கள் அப்படி இருக்கவில்லை. தட்டச்சுப் பொறியை மட்டுமே அறிந்திருந்த விரல்களால் அமைப்புகளின் பக்கத்தைத் திறந்து, மொழிகளின் நீண்ட பட்டியலில் சுவாஹிலியைத் தேடிக் கண்டெடுத்தீர்கள். நாட்டைத் தான்சானியா என்று மாற்றினீர்கள். நாளை முன்னுக்கும் மாதத்தைப் பின்னுக்கும் கொண்டுவந்தீர்கள். தாளின் அளவைத் திருத்தினீர்கள். ஆறு கணினிகளுக்கும் ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள் காலையில் திரையெல்லாம் நம் பேச்சு. ஃபாத்து ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துச் சிரித்ததும், அன்று தேநீருக்குத் தாங்கள் எல்லோருக்கும் மந்தாசிப் பலகாரம் வாங்கித் தந்ததும் எங்கள் நினைவில் இன்னும் சூடு ஆறவில்லை.

அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் துன்பம் வந்தது.

ஆண்டுக்கு இரண்டு முறை தலைநகரிலிருந்து கண் மருத்துவர் லியாட்டு வருவார். காலையில் அறுவையைத் தொடங்கி, நண்பகலில் முடித்துக்கொண்டு, மறுநாள் விமானத்துக்காக ம்த்வாராவுக்குக் காரில் கிளம்பிவிடுவார். அம்முறை பத்தொன்பது பேருக்குக் கணினியே சீட்டு அச்சிட்டது. முதன்முறையாக நம் மொழியில் அச்சான சீட்டு. அதில் "மணி 8:00" என்று இருந்தது. கணினி சொன்னது காலை எட்டு. ஆனால் நம் மக்கள் பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறவர்கள். விடிந்து இரண்டு மணி நேரம் ஆனால் அவர்களுக்கு மணி இரண்டு. எட்டு மணி என்றால் வெயில் சாயத் தொடங்கும் பிற்பகல். சீட்டு ஆங்கிலத்தில் இருந்த வரையில், இது வெளியூர் மணி என்று ஊர் வாத்தியாரிடம் காட்டிக் கேட்டு வந்தார்கள். தம் மொழியில் இருந்ததால் அன்று யாரையும் கேட்கவில்லை. நம்பினார்கள்.

காலையில் அறுவை அறை காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. மருத்துவர் வருத்தத்தோடு புறப்பட்டுப் போனார். பிற்பகல் இரண்டு மணிக்கு, சொல்லிவைத்தாற்போல், பத்தொன்பது பேரும் வாசலில் வந்து இறங்கினர். குளித்து, வெளுத்த துணி உடுத்தி, ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி. தாமதம் செய்ததற்காக நம் காவலர் அவர்களைக் கடிந்துகொண்டார். அவர்களில் முந்திரி விவசாயி அவுசி ம்தலிகா என்ற முதியவர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டறைச் சன்னலுக்கு வந்து, சீட்டைத் தங்களிடம் நீட்டிச் சொன்னார்:

"அம்மா, நீங்க போட்ட மணிக்குத்தான் வந்திருக்கேன். மக ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனா. எட்டுன்னுதானே இருக்கு?"

தாங்கள் அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றதை நான் ஆய்வகச் சன்னலிலிருந்து கண்டேன். கணினியைக் குறை சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். "எட்டுன்னுதான் இருக்கு, ஐயா. தப்பு உங்க மேல இல்ல, என் மேல" என்றீர்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் தாங்கள் செய்ததை எந்த மேலதிகாரியும் தங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மருத்துவரின் ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடித்தீர்கள். ம்த்வாரா மருத்துவமனையில் மறுநாள் விடிந்ததும் ஆட்கள் ஆயத்தமாக இருந்தால், விமானத்துக்கு முன் முடிந்தவரை செய்வதாக மருத்துவர் ஒப்புக்கொண்டார். முந்திரி மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்த லாரியைச் சாலையில் கை காட்டி நிறுத்தி, பத்தொன்பது பேரையும் ஏற்றி, தாங்களும் ஏறிக்கொண்டீர்கள்.

பதினொரு பேருக்கு அறுவை நடந்தது. எட்டுப் பேருக்கு நேரமில்லை. பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்தவர் அவுசி.

திரும்பி வந்ததும் அன்றைய கண்காணிப்பாளர் தங்களை அழைத்தார். மாவட்டத்துக்கு அறிக்கை போயாக வேண்டும், நோயாளிகள் தாமதமாக வந்தனர் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது என்றார். தாங்கள், "அவங்க தாமதமா வரலீங்க ஐயா. நாம சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. நாமதான் இல்ல" என்று மறுத்து, நேரம் குறித்ததில் பிழை, பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தீர்கள். அதன் பலனாக எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தங்களுக்கு வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு, தங்களுக்குப் பின் சேர்ந்தவருக்குப் போயிற்று.

அந்தச் சீட்டுகளை நோயாளிகள் கைக்குப் போகும் முன் பார்த்தவர்கள் நாங்கள். செவிலியர் பார்த்தனர், மருந்தாளுநர் பார்த்தார், நானும் பார்த்தேன். நம் வீட்டில் எல்லோரும் விடியலிலிருந்துதான் மணி சொல்கிறோம். ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தங்கள் மீது குற்றம் விழுந்தபோது எங்களில் ஒருவரும் எழுந்து நிற்கவுமில்லை. பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று கூட்டத்தில் வாதம் நடந்தது. எழுத வேண்டும் என்றே கை உயர்ந்தது. அம்மையாரே, அன்று பேசாதிருந்ததற்கு இன்று எல்லோர் முன்னிலையிலும் வருந்துகிறோம்.

தளர்வறியாத் தாயே! அடுத்து நடந்ததைச் சொன்னால் தாங்களே சிரிப்பீர்கள். சீட்டில் மணி சரியாக வர வேண்டும் என்று கணினிகளின் கடிகாரத்தையே ஆறு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினீர்கள். அதற்காக நேர மண்டலப் பட்டியலில் நம் நாட்டை விட்டுப் பிரேசிலைத் தேர்ந்தீர்கள். சீட்டுகள் அழகாகச் சரியாக வந்தன. இரண்டு நாள் கடந்தது. வியாழன் விடியுமுன் பிறந்த குழந்தை ஒன்று பதிவேட்டில் புதனன்று பிறந்திருந்தது. என் ஆய்வகத்தில் இன்று எடுத்த இரத்தம் நேற்றையதாகி நின்றது. நான் தங்கள் அறைக்கு வந்து, "சொமோயே அம்மா, ஆஸ்பத்திரியத் தூக்கிப் பிரேசில்ல வெச்சுட்டீங்க. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகணுமே, எப்படிப் போறது?" என்று கேட்டேன். தாங்கள் சிரிக்கவில்லை. குழந்தையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தத் தாயைத் தேடிப் போய்ப் பிறந்த நாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்து, கடிகாரத்தைப் பழையபடி வைத்தீர்கள்.

பிறகுதான் சரியான வழி கிடைத்தது. கணினியின் மணியில் கை வைக்காமல், சீட்டில் மட்டும் எண்ணை எடுத்துவிட்டீர்கள். இருபத்து நான்கு மணிக்கும் இருபத்து நான்கு வரி எழுதி, எந்த மணிக்கு எந்த வரி என்று பட்டியலிட்டுச் சீட்டோடு இணைத்தீர்கள். காலை எட்டு என்றால் "காலையில், விடிந்து இரண்டு மணிக்கு" என்று அச்சாயிற்று. அத்தோடும் விடவில்லை. சீட்டைக் கையில் கொடுத்தபின், எப்போது வருவீர்கள் என்று ஒவ்வொருவரையும் அவர்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். வரிசை நீளுகிறது என்று நாங்கள் முணுமுணுத்தோம். தாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

அந்த ஆண்டு முந்திரி உதிர்ந்த காலத்தில், ஞாயிறுதோறும் தாங்கள் எங்கே போகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவுசியின் மகள் மவஜும்பே பல மாதம் கழித்து ஃபாத்துவிடம் சொல்லித்தான் தெரிந்தது. பார்வையில்லாத அம்முதியவர் மரத்தடியில் மண்டியிட்டு, சருகுக்குள் கை துழாவிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாராம். தாங்கள் கூடையோடு போய் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் குனிந்து பொறுக்கினீர்களாம். வேண்டாம் என்று அவர் தடுத்தாராம். தாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவீர்களாம்.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் லியாட்டு மீண்டும் வந்தார். அன்று காலை, விடிந்து இரண்டு மணி ஆகுமுன்னே வாசல் நிறைந்திருந்தது. ஒருவரும் தவறவில்லை. மறுநாள் அவுசியின் கட்டைப் பிரித்தபோது தாங்கள் கட்டிலருகே நின்றிருந்தீர்கள். அவர் முதலில் மகளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், பிறகு தங்களைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"நீங்கதானா அது? கொரல வெச்சு இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

வார்டே சிரித்தது. தாங்கள் மட்டும் தோளில் போர்த்திய கங்காத் துணியின் முனையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அவர் ஒன்பது ஆண்டு தம் மரங்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து மறைந்தார் என்பதைத் தங்களை அறியாத விருந்தினர்க்காக இங்கே சேர்க்கிறேன்.

தெளிவின் திருவுருவே! இன்று மருத்துவமனையில் நாற்பது கணினிகள். புதிதாக வருவது எதுவானாலும் பெட்டி பிரித்ததும் முதலில் தங்கள் மேசைக்குத்தான் வந்தது. மொழி, நாடு, நாள், தாள், மணி என ஐந்தையும் பார்த்துச் சரியென்று தாங்கள் தலையசைத்த பின்னரே வார்டுக்குப் போனது. மறுக்கப்பட்ட பதவி உயர்வும் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது.

சென்ற வாரம் நாங்கள் சிலர் தங்கள் வீட்டுக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் வாரம் ஒருநாள் வந்து போக வேண்டும், ஐயம் வந்தால் கேட்க ஆள் வேண்டும் என்று இரந்து நின்றோம். தாங்கள் மரவள்ளிக் கிழங்கும் மீனும் பரிமாறிவிட்டு, வர மாட்டேன் என்றீர்கள். எங்கள் முகம் வாடியதைக் கண்டு காரணமும் சொன்னீர்கள்.

"நான் வந்தா நீங்க என்னத்தான் கேப்பீங்க. சன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களக் கேக்க மாட்டீங்க."

அம்மையாரே, கேட்போம். தங்கள் முன்னிலையில் இதைச் சொல்லிக் கையெழுத்திடுகிறோம்.

இனித் தங்கள் நாள்கள் மணியொலிக்கு அடங்காதவையாய் நீளட்டும்! முழங்கால் நோவு நீங்கி, கண்ணொளி குன்றாது, உண்ட உணவு உடலில் ஒட்டி, மக்களும் மருமக்களும் மனம் கோணாது சூழ்ந்திருக்க, கடற்காற்று வரும் தங்கள் புதுவீட்டில் தாங்கள் நூறாண்டு நலமுற நிறைந்திருக்க வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுகிறோம். எங்களில் யாரேனும் நோயுற்றுத் தங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், பெயரைக் கேட்டுப் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள்.

தங்களிடம் கற்றதினும் தங்களுக்குக் கடன்பட்டது மிகுதியென்று உணரும்,
நம்குண்டா மருத்துவமனைப் பணியாளர் அனைவரும்

எழுதியவர்: கசெம்பே, ஆய்வகம்
நம்குண்டா, ஜூன் முப்பதாம் நாள், பிற்பகல், விடிந்து ஒன்பது மணிக்கு