சுத்தியல் சோதியின் நாலு தோட்டாக்கள்

மங்கரேயில் எங்கள் வீட்டுக் கராஜ் மிகவும் சுத்தமானது. ஜெயபாலன் இறந்த பிறகு வந்து பார்த்த பொலிஸ்காரர் இருவரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். ஒருவர் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார்.

இதைத் தமிழில் எழுதலாம் என்று சார்ஜன்ட் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிடுவார்களாம். என் இங்கிலீசுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒரு சொல்கூடப் பிசகக்கூடாத விசயம் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இதை மொழிபெயர்க்கிற நீங்கள் எங்கள் ஆட்களில் ஒருவராகத்தான் இருப்பீர்கள். என் பட்டப்பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மனதில் வைக்காமல், எழுதியபடியே மாற்றிக் கொடுங்கள்.

என் பெயர் சோதிலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகைகளில் தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதினொரு வருசத்தில் நான் கையெழுத்துப் போட்ட தராசு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான் சைவம். சனிக்கிழமைகளில் சூட்டுக் கழகத்துக்குப் போவேன் என்றாலும், என் துவக்கால் கடதாசியைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனம் வராது.

தோட்டாக்களை அந்தக் கராஜில் நானே செய்வேன். சுட்டு முடிந்ததும் பித்தளைக் கோது மிஞ்சும். வெடிக்கும்போது அது துவக்கில் தோட்டா இருக்கும் அறைக்குத் தக்கபடி உப்பிவிடும். திரும்பப் பாவிப்பதற்கு அதை டை என்னும் உருக்கு அச்சுக்குள் விட்டு அழுத்தி ஒடுக்க வேண்டும். முழுதாக ஒடுக்கிய கோது அந்த அளவுத் துவக்கு எதற்குள்ளும் போகும். கழுத்தை மட்டும் ஒடுக்கினால் அது வெடித்த துவக்குக்குள் மட்டும்தான் ஒழுங்காகப் போகும். என்னுடையது பழைய இராணுவ 303. அறை தாராளம். கோது கனகாலம் உழைக்கும் என்பதால் எனக்குக் கழுத்து மட்டும் ஒடுக்குவேன்.

ஜெயபாலன் நகரத்தின் மேற்குப் பக்கம், மாசி என்ற இடத்தில் இருந்தார். ஈப்போவில் பிறந்தவர், காப்புறுதிக் கம்பனியில் வேலை. கலகலப்பான மனிதர். அவர் வந்தபிறகுதான் எந்தக் கூட்டமும் கூட்டமாகும். அவரிடமும் ஒரு 303 இருந்தது. மாதம் ஒருமுறை ஹுனுவாப் பக்கத்தில் தெரிந்த ஒருவருடைய பண்ணைக்குப் பன்றி வேட்டைக்குப் போவார்.

83ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு பை நிறையக் கோதுகளைக் கொண்டுவந்து, தனக்கும் தோட்டா செய்து தரும்படி கேட்டார். துவக்கையும் கொண்டு வாரும், அளந்து பார்க்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் மறந்துவிட்டு வந்தார். அதனால் என் துவக்குக்குச் செய்வதுபோலவே செய்து கொடுத்தேன். அடுத்த ஞாயிறு துவக்கும் கையுமாக வந்து நின்றார்.

"என்னாண்ணே இது, பூட்டவே மாட்டேங்குது. சுத்தியல் ஒண்ணும் சேத்துக் குடுத்திருக்கலாம்ல."

"அண்டைக்கே துவக்கைக் கொண்டு வாரும் எண்டு சொன்னனே. கேட்டனீரே?"

"விடுங்கண்ணே. பாத்து சரி பண்ணுங்க."

மெழுகுதிரிப் புகையில் ஒரு கோதைக் கறுப்பாக்கி அவருடைய துவக்குக்குள் விட்டு எடுத்தேன். எந்த இடத்தில் கரி அழிந்திருக்கிறதோ அந்த இடம்தான் இறுகுகிறது. கோதின் உடம்பில், அதன் தோளுக்குச் சற்றுக் கீழே, மயிரிழை அளவு பருமன் கூட. பையில் இருந்த கோதுகள் யாரோ தாராளமான அறையில் சுட்டவை. அவர் சூட்டுக் கழகத்து நிலத்தில் பொறுக்கியிருக்கிறார். அவருடைய துவக்குக்கோ குழல் புதிது, அறை ஒடுக்கம். டையைக் கால் சுற்று இறக்கி, எல்லாக் கோதுகளையும் முழுதாக ஒடுக்கிக் கொடுத்தேன். வெண்ணெய் போல உள்ளே போயின. அதற்குப் பிறகு மூன்று வருசம் நான் கொடுத்த ஒரு தோட்டாகூட இறுகவில்லை.

ஆகவே 83இல் நடந்தது என் பிழை அல்ல. சந்தர்ப்பம் வந்த இடத்தில் இதையும் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஊரில் கலவரம். கொழும்புக்கு எடுத்த டெலிபோன் எதற்கும் பதில் இல்லை. எல்லாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிக் கூடிச் செய்தி கேட்டோம். அப்படி ஒருநாள் ஜெயபாலன் தோட்டாக் கதையைச் சொன்னார். என் குரலில், என்னைப்போலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருசம் சனத்துக்குச் சிரிக்க ஏதாவது தேவையாக இருந்தது.

84இலும் சொன்னார். 85இலும் சொன்னார். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, ஹோல் வாடகைக்கு எடுத்துச் செய்யும் பூசை, ஒன்றும் விடவில்லை. கதையும் வளர்ந்தது. ஒரு தோட்டா இறுகியது இருபதாயிற்று. பிறகு நானே சுத்தியலோடு பண்ணைக்கு வந்து நின்றேன் என்றாயிற்று. எனக்குச் சுத்தியல் சோதி என்று பெயர் வந்தது. பிள்ளைகள் ஹாமர் அங்கிள் என்றார்கள். அவர்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

போன வருசம் கொழும்பிலிருந்து புதிதாக வந்த குலசிங்கம் என்பவரை த்ரீ கிங்ஸ் கடையடியில் சந்தித்தோம். "இவர்தான் நம்ம சுத்தியல் சோதி" என்று ஜெயபாலன் தோளில் தட்டி அறிமுகப்படுத்தினார். இரண்டு நாள் கழித்துக் குலசிங்கம் டெலிபோன் எடுத்தார். "அண்ணை, வீட்டுக் கதவு ஒண்டு இறுகிப் போச்சு. நீங்கள் தச்சுவேலை எண்டு கதைச்சவை. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" நான் போய்ச் சரி செய்து கொடுத்தேன். கீல் ஒன்று இறங்கியிருந்தது. தேத்தண்ணி தந்தார்கள். திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடிந்ததும் என்ன செய்வது என்பது எனக்குத் தெளிவாக இருந்தது.

ஜெயபாலன் கெட்டவர் அல்ல. அதையும் எழுதத்தான் வேண்டும். என் மனைவி ரதிதேவி படியில் விழுந்து இடுப்பை முறித்தபோது நான் வேலையில் இருந்தேன். மாசியிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆறு மணித்தியாலம் கூட இருந்தவர் அவர். அங்கே தாதிமாருக்கும் சுத்தியல் கதையைச் சொன்னதாக ரதி பிறகு சொன்னாள். நோவிலும் தனக்குச் சிரிப்பு வந்ததாம்.

அவருடைய பழக்கங்கள் எனக்கு அத்துப்படி. பெட்டியில் ஐந்து ஐந்தாக நாலு வரிசை. பண்ணை வாசலில் முதல் வரிசையால் ஒரு தகரப் பேணியைச் சுட்டுக் குறி சரிபார்ப்பார். அடுத்த வரிசையில் முதலாவதைக் கையால் அறைக்குள் வைப்பார், மற்ற நாலையும் மகசினுக்குள் தள்ளுவார். வேறு எதையும் சட்டைப்பையில் கொண்டுபோக மாட்டார். அவர் நல்ல சூட்டுக்காரர் இல்லை. முதல் வெடியில் பன்றி விழுந்ததாக அவரே ஒருநாளும் சொன்னதில்லை. காயப்பட்ட பன்றி ஓடாமல் திரும்பும் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

இந்த வருசம் வைகாசியில் அவர் கேட்ட இருபது தோட்டாக்களையும் செய்தேன். பதினாறு அவருடைய துவக்குக்கு. இரண்டாவது வரிசையின் கடைசி நாலு, என் துவக்கில் வெடித்த கோதுகள், கழுத்து மட்டும் ஒடுக்கியவை. ஒவ்வொன்றையும் வேர்னியர் அளவுகோலால் மூன்று தரம் அளந்தேன். என் துவக்குக்குள் விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் போயின. வெடிமருந்தும் சரியான நிறை. யாருடைய முகத்திலும் வெடிக்கக்கூடிய ஒன்றை நான் செய்ய மாட்டேன்.

தோட்டா செய்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேட்டைக்குப் போகுமுன் ஒவ்வொரு தோட்டாவையும் அந்தத் துவக்குக்குள் ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். பெட்டி மூடியில் அதை எப்போதும் எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கும் எழுதினேன், தமிழிலும் இங்கிலீசிலும். மூடி உங்களிடம்தான் இருக்கிறது. அவர் வாசித்திருந்தால் நாலும் அகப்பட்டிருக்கும், விருந்தில் சொல்ல அவருக்குப் புதுக் கதையும் கிடைத்திருக்கும். வாசிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவரோடு மகேசன் போயிருந்தார். ஜெயபாலனுடைய கம்பனியில் கூட வேலை செய்கிற பெடியன். பண்ணை வாசலில் விட்டிருந்த வானுக்குப் பக்கத்தில் நின்ற அவர் ஒரு வெடி கேட்டதாகச் சொன்னார். பிறகு இரும்பில் கல்லால் அடிக்கும் சத்தம், நாலைந்து தரம். ஜெயபாலன் பன்றியைத் துண்டு போடுகிறார் என்று நினைத்தாராம். போய்ப் பார்த்தபோது, பன்றியின் தந்தம் தொடையைக் கிழித்து, இரத்தமெல்லாம் போய், ஜெயபாலன் செத்துக் கிடந்தாராம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் பாதியில் இறுகி நின்றது. கையில் ஒரு கல் இருந்தது.

மகேசன் கல்லைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மூன்று வருசமாகச் சொன்ன கதை கடைசியில் உண்மையாகிவிட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். யாரும் என்னைச் சுத்தியல் என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் அன்றோடு போய்விட்டது. அப்படியே முடிந்திருந்தால் இந்தக் கடதாசிக்கு அவசியம் வந்திராது.

போன கிழமை மரண விசாரணை அறிக்கை வந்தது. தோட்டாக் கோதுகளை ஒடுக்குவதில் ஏற்பட்ட கவனக்குறைவு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தவறுதலாக இரண்டு துவக்குகளின் கோதுகளும் கலந்துவிட்டனவாம். அனுபவம் போதாத கைவேலையாம். என்னைக் குற்றம் சாட்ட எதுவும் இல்லையாம்.

அன்று பின்னேரம் ஜெயபாலனுடைய மனைவி வேதவள்ளி வந்தா. வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா.

"நீங்க வேணும்னு செய்யலண்ணே. எனக்குத் தெரியும். மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க. அவரு இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு."

"என்ரை கணக்கு பிழைக்கேல்லை, தங்கச்சி" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றா. "யாருக்கும் நடக்கும்."

அவ போனபிறகு ரதி என் தலையைத் தடவிவிட்டாள். "அறியாமல் நடந்த பிழைதானே" என்றாள். வேலையிடத்தில் மேலதிகாரி கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு என் தராசுகளை இன்னொருவரும் ஒருமுறை சரிபார்க்கட்டும், மனச்சுமை குறையும் என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். அங்கிருந்து வீட்டுக்குப் போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு நேரே இங்கே, பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

சுத்தியல் என்ற பெயரைச் சிரித்துக்கொண்டு தாங்கினேன். அறிக்கையில் இருப்பது சிரித்துவிட்டுப் போகிற பேச்சு இல்லை. அது அச்சில் இருக்கிறது, அரசாங்க முத்திரையோடு இருக்கிறது. நான் செத்த பிறகும் அங்கேயே இருக்கும்.

என் துவக்கைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். மிஞ்சிய மூன்று தோட்டாக்களும், இறுகி நின்ற நாலாவதும் உங்கள் அலுமாரியில் இருக்கின்றன. போல்டில் அடிபட்டதால் நாலாவது நெளிந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றையும் என் துவக்குக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு விரலால் பூட்டலாம்.

ஜெயபாலனை நான்தான் கொன்றேன், தெரிந்தே, அளந்து, ஒருவரும் தூண்டாமல். அதற்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. கவனக்குறைவு என்று எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். தோட்டாக்களில் பிழை இல்லை.