எண்ணெய் ஆலை கம்ப்யூட்டர் அறையில் பவுனு இறந்தது குறித்து

அந்தோணிசாமி, வயது 31, த/பெ சவுரிமுத்து, பாண்டி ரோடு, விழுப்புரம், என்பவர் 1988 மே மாதம் திண்டிவனத்தில் விசாரணையின்போது கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, பிள்ளைகளுடன் குடியிருந்து வருகிறேன். விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வேலை செய்கிறேன். திண்டிவனத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆலை ஒன்றின் ஆபீசில் சென்ற தை மாதம் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தது. அங்கே டைப்பிஸ்டாக இருந்த பவுனு என்பவர் அதை இயக்கி வந்தார். அவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கடல்தொழில் செய்யும் சிங்காரம் என்பவரின் மகள். கம்ப்யூட்டர் வந்ததும் அவருடன் இருந்த மற்ற டைப்பிஸ்டுகளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பங்குனி மாதத்திலிருந்து அந்த மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு நின்றுவிடுவதாகவும், அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துவிடுவதாகவும் சொல்லி மேனேஜர் பாண்டுரங்கன் என்னைப் பலமுறை வரவழைத்தார். உள்ளே இருந்த கார்டுகளை மாற்றினேன், பிளாப்பியை மாற்றினேன், ஓரிரு நாள் ஓடி மறுபடி நின்றது. அதன் பிறகு பாண்டுரங்கன், கூட இருந்தவர்களை நிறுத்திய கோபத்தில் அந்தப் பெண்தான் வேண்டுமென்றே மிஷினைக் கெடுப்பதாகச் சொன்னார். அதனால் ஒரு நாள் பவுனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானே மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். என் கையிலும் அது நின்றது. அதே நேரம் பின்னால் அரவை மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு லைனைச் சோதித்ததில், மோட்டாரும் ஆபீசும் ஒரே லைனில் இருப்பதும், மோட்டார் போடும்போதெல்லாம் கரண்ட் இறங்கி மிஷின் நிற்பதும் தெரிந்தது. எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அந்த இரும்புக் குழாயைப் பாதியில் வெட்டி பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்ததால் எர்த் மண்ணுக்குப் போகவில்லை. மிஷினின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தது. தனி லைன் இழுத்துப் புதிதாக எர்த் போடும்வரை மிஷினை ஓட்டக் கூடாது என்று சொன்னேன். அதற்கு பாண்டுரங்கன், "மொதலாளி வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்பறம் பண்ணிக்கலாம். அதுக்குள்ள நின்னுச்சின்னா அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்று பவுனு காதில் விழும்படியே சொன்னார்.

நான் கிளம்பும்போது பவுனு, "வேலய விட்டு நின்னா எங்க ஊட்டுல கண்ணாலம் பேசிடுவாங்க சார். எப்படியாச்சும் பாத்து ஓட்டிக்கினு இருக்கேன்" என்றார். தூசி படும் என்று அந்த அறைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாதென்பது ஆபீஸ் உத்தரவு. ஆகையால் ஒரு காய்ந்த கோணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கால் வைத்துத்தான் மிஷினைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சம்பவத்தன்று முதலாளி வருவதாக என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது அறையைக் கழுவியிருந்ததால் தரை ஈரமாக இருந்தது. கோணியைக் காணவில்லை. அசிங்கமாக இருக்கிறதென்று மேனேஜர் எடுக்கச் சொன்னதாகப் பெருக்குகிற முனியம்மாள் சொன்னார். பவுனிடம் மிஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போடாமல் நிறுத்தி வைக்கச் சொல்ல ஆலைக்குள் போனேன். போய்ச் சேருவதற்குள் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். திரும்பி ஓடி வரும்போது, "நின்னுபோச்சி பாரு, ஜல்தி போடு, வண்டி வந்துடுச்சி" என்று பாண்டுரங்கன் கத்துவது கேட்டது. அதன் பிறகு பவுனு அலறுவது கேட்டது. நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு உள்ளே போனேன். பவுனு மேசைக்கடியில் விழுந்து கிடந்தார். நானும் முனியம்மாளும் முதலாளி வந்த காரிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

மிஷினைக் கெடுப்பதற்காகப் பவுனு பெட்டிக்குள் கையை விட்டதாகப் பாண்டுரங்கன் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது சரியல்ல. பெட்டியின் மூடி திறக்கப்படவில்லை, ஸ்குரூ எல்லாம் இறுகியே இருந்தது.

மாலையில் பவுனின் தாயார் கிளியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மிஷினு நின்னு நின்னு போவுதுன்னு தெனம் அழுவும். அதுக்காவ எம் பொண்ண அடிச்சிட்டாங்களா சாமி?" என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை, கரண்ட் அடித்துவிட்டது என்று சொன்னேன். அதற்கு அவர், "எங்க ஊட்டுல கரண்டே இல்லியே சாமி" என்றார்.

இதில் எழுதியிருப்பது நான் சொன்னபடியே இருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ச. அந்தோணிசாமி

என் முன்பாக,
உதவி ஆய்வாளர்