ஹவ் சொன்னவன்

கேமரூன் மரம் நல்ல மரம், சார். கரையான் கிட்டே வராது. அறுத்தால் தூள் குங்குமம் மாதிரி விழும். கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் மல்லாபூர் டிப்போவுக்கு வந்து சேரும். முதலாளி அனந்தகிருஷ்ணன் வாங்க வருகிறவர்களிடம் சொல்வார்: "அந்த நாட்டுல தங்கம் இருக்கு, எண்ணெய் இருக்கு, காடு எடுக்க எடுக்கக் குறையாது." என் மகன் கிரியும் என்னோடு டிப்போவில்தான் வேலை செய்தான். ஒருநாள் கேட்டுவிட்டான். "இவ்ளோ இருந்தும், கைக்கு நைனா, ஏன் அவங்களும் நம்மள மாதிரி கட்டை உருட்டுறாங்க?" முதலாளியே சிரித்துவிட்டார்.

கட்டை இறக்குகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் மேலே ஒருவன் சுத்தியலோடு நிற்பான். கட்டை உருளாமல் முட்டுக் கொடுத்த ஆப்பை அவன் தட்டி எடுக்கவேண்டும். அடியில் ஆள் இருந்தால் அவனுக்குத் தெரியாது. கீழே நிற்கிறவன் பார்த்துவிட்டு "ஹவ்" என்பான். இந்த ஊர்ப் பேச்சில் சரி, தட்டு என்று அர்த்தம்.

போன ஆடியில் மேலே நான் நின்றேன். கீழே கிரி சரிவுப் பலகையை நேராக்கிக்கொண்டிருந்தான். ஹவ் சொல்கிறவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். ஆபீஸ் வாசலிலிருந்து முதலாளி, காதில் போனோடு, "ஹவ், ஹவ், தட்டுய்யா" என்றார். அங்கிருந்து பார்த்தால் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் தெரியாது. தட்டினேன்.

கிரியை ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டு, லாரி மோதியது என்றார்கள். டிப்போவில் மரத்தூளை அள்ளிப் பரப்பினார்கள். வந்த போலீஸ்காரர் தரையைப் பார்த்துக் கேட்டதற்கு முதலாளி, "கேமரூன் மரம் சார், சாயம் விடும்" என்றார். பக்கத்தில்தான் நின்றேன்.

என் மனைவி ராஜி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யார் குரல்னு தெரியாமலா தட்டின?" அதற்கப்புறம் என் கையால் அவள் எதுவும் வாங்குவதில்லை.

முதலாளியைக் கொன்றிருக்கலாம். அதில் நியாயமில்லை. செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது? தோள் வலிக்கிறது என்று சொல்லி, கீழே நின்று ஹவ் சொல்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கப்பல் சரக்கு வந்தால், தேங்காய் உடைத்து, முதல் ஆப்பை முதலாளிதான் தட்டுவார். தையில் சரக்கு வந்தது. பார்க்க அவர் மகன் பிரசன்னாவும் வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவர், நல்ல பிள்ளை. முதலாளி சுத்தியலோடு மேலே ஏறினார்.

"தம்பி, மேல்கட்டையில பெயிண்ட்ல என்னவோ எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"வயசான காலத்துல எழுத்துக் கத்துக்கிட்டு பேப்பர் எல்லாம் படிக்கிறீங்களாமே, அண்ணே? இது முடியாதா?"

"தமிழ்தான் வரும் தம்பி. இங்கிலீஷ் நக்கோ."

சிரித்துக்கொண்டே சரிவுப் பலகைகளுக்கு நடுவில் வந்து அண்ணாந்து பார்த்தார். "டுவாலா. ஊர் பேரு, அண்ணே. அங்கதான் கப்பல்ல ஏத்துவாங்க."

தள்ளி நின்றுகொண்டு ஹவ் என்றேன். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நடேசா, என் கையாலயே கொன்னுட்டேன்டா. இது உனக்குத்தான்டா புரியும்."

இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். காதுக்கு நன்றாகவே இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால், அவர் சொன்னது தப்பு.

ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் நீங்களும் விபத்து என்றும், ஆப்பைத் தட்டியவர் அவரே என்றும் எழுதி முடித்துவிட்டீர்களாம். அதை அடித்துவிடுங்கள். பிள்ளை அடியில் நிற்கிறது என்று தெரிந்தே ஹவ் சொன்னவன் நான். கொன்றவன் நான். தட்டுகிறவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. இதைத் தெளிவாக எழுதுங்கள், எழுதியதை ராஜிக்கு வாசித்துக் காட்டுங்கள். மேலே நிற்கிறவனுக்கு யார் குரல் என்று எப்படித் தெரியும், சார்? அங்கே எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.