டிக்கியில் அப்பா

சண்முகம்: அமுக்கிட்டேன்க்கா. நாலு தடவ அமுக்கிட்டேன். கதவும் தொறக்கல, டிக்கியும் தொறக்கல.

யோகா: சாவில செவப்பா ஒரு சின்ன லைட்டு மின்னுதா?

சண்முகம்: மின்னல.

யோகா: வேட்டில நல்லா தொடச்சிட்டு அமுக்கு.

சண்முகம்: வேட்டியே நனஞ்சுல்லா கெடக்கு.

யோகா: எங்கல மழை? இங்க பாவநாசத்துல வெயிலு கொளுத்துது. ஐயரு வந்து ஒரு மணி நேரமாச்சு. சித்தப்பா படித்துறைல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு.

சண்முகம்: சாரல்தான்... இந்தா, தொடச்சிட்டேன். கைல நிக்க மாட்டேங்கு, வழுக்குது.

யோகா: சாவி எப்பிடில வழுக்கும்?

சண்முகம்: ...எண்ணெ.

யோகா: என்ன எண்ணெ?

சண்முகம்: நல்லெண்ணெ.

யோகா: ஏலே. எங்க நிக்க நீ?

சண்முகம்: குத்தாலத்துல... மெயினருவிப் பக்கம், கார் நிறுத்துத எடத்துல.

யோகா: அப்பா போயி அஞ்சு நாளு ஆகல. துட்டி வீட்டுப் புள்ள எண்ணெ தேச்சுக் குளிச்சியா? தென்காசிலருந்து பாவநாசம் வாறவன் எதுக்குல அங்கன போன?

சண்முகம்: ஒரு சொட்டு அழுக வரலக்கா. கொள்ளி வைக்கும்போதும் வரல. சின்னதுல அப்பா எண்ணெ தேக்க வச்சுக் கூட்டிட்டுப் போற அருவில்லா... கீழ போயி நின்னா வந்திரும்னு நெனச்சேன்.

யோகா: வந்துச்சா?

சண்முகம்: இல்ல.

யோகா: ...சாவிய எங்க வச்சிருந்த?

சண்முகம்: அரணாக்கயித்துல முடிஞ்சிருந்தேன். துணியோட வச்சா எவனாவது தூக்கிருவாம்லா.

யோகா: ரிமோட்டு சாவிய அரணாக்கயித்துல கட்டிட்டு அருவிக்குள்ள நின்னியா? உன்னைய இஞ்சினியருக்குப் படிக்க வச்சவரச் சொல்லணும். சரி... அஸ்திப் பானை எங்க?

சண்முகம்: டிக்கில.

யோகா: அப்பாவ டிக்கில வச்சிட்டு அருவிக்குப் போனியா?

சண்முகம்: சீட்டுல வச்சா சனம் எட்டிப் பாக்கும்லாக்கா. அட்டப்பெட்டிக்குள்ள பத்திரமாத்தான்...

யோகா: பேசாத, கேளு. சாவிக்கு ஓரத்துல ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதத் தள்ளிட்டு இழுத்தா உள்ளருந்து இரும்புச் சாவி வரும்.

சண்முகம்: ...வந்துட்டு. இப்பிடி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுக்கா.

யோகா: ரெண்டு வருசம் அந்தக் கார்லதான அப்பாவ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். டிரைவர் கதவுல துவாரம் இருக்கும், தொற. அலாரம் அலறும், பயப்படாத.

சண்முகம்: ஐயோ... ஊரே திரும்பிப் பாக்குது. எண்ணெ தேச்சுவிட்ட அண்ணாச்சி, நான் காரக் களவாங்குதேன்னு ஓடி வாறாரு.

யோகா: பிரேக்க மிதிச்சிட்டு, ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன்ல ஒட்டி வச்சு அமுக்கு. பேட்டரி செத்தாலும் ஒட்டி வச்சா வண்டி எடுக்கும்.

சண்முகம்: ...அலறல் நின்னுட்டு. வண்டியும் ஸ்டார்ட் ஆயிட்டு. டிக்கி?

யோகா: உள்ள இருக்க டிக்கி சுவிச்சு போன மழைலயே செத்துட்டு. ரிமோட்டுக்கு மட்டுந்தான் தொறக்கும், அதத்தான் நீ குளிப்பாட்டிட்ட. பின் சீட்ட மடக்கிட்டு உள்ள தவந்து போ. டிக்கிக் கதவுக்கு அடில ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அத நெம்பி எடுத்துட்டு, உள்ள இருக்க கொக்கிய இரும்புச் சாவியால தள்ளு.

சண்முகம்: இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு தவந்து போகவா... அப்பா பாத்தா சிரிப்பாரு.

யோகா: சிரிப்பாரு... ஏன் சண்முகம், அப்பா நம்மூரு சித்தாத்துலதான விடச் சொன்னாரு. பாவநாசத்துக்கு எதுக்கு...

சண்முகம்: அதத்தான் சித்தப்பா முடிவு பண்ணியாச்சே. மகன் கையால பாவநாசத்துலதான் கரைக்கணும், பொம்பளையாளு அஸ்தியத் தொடக்கூடாதுன்னு சொன்னாருல்லா.

யோகா: சொன்னாரு. நீயும் தலைய ஆட்டுன.

சண்முகம்: இப்ப எதுக்குக்கா அது... மூடி வந்துட்டு. கொக்கி... தள்ளுதேன்... தொறந்துட்டு. அக்கா. அக்கா...

யோகா: என்னல?

சண்முகம்: பெட்டி கதவுல சாஞ்சு இருந்திருக்கு. கதவு தூக்கவும் ரோட்டுல விழுந்துட்டு. பானை... ஒடஞ்சிட்டுக்கா.

யோகா: உள்ள இருந்தது?

சண்முகம்: சாரல் தண்ணி ஓடுது. சாம்பலு எல்லாம் அதோட போவுது. அள்ளுதேன், கைல நிக்க மாட்டேங்கு... அப்பா சாக்கடைக்குப் போறாருக்கா.

யோகா: அழுவுதியால?

சண்முகம்: ஒரு பானைய ஒழுங்கா கொண்டு சேக்கத் தெரியலியே எனக்கு. தூக்கி வளத்தவர... ரோட்டுல போட்டுட்டேனே.

யோகா: அள்ளாத சண்முகம். கொஞ்சம் இரு... சித்தப்பா காதுல விழாம தள்ளி வாறேன்.

சண்முகம்: அவருகிட்ட என்ன சொல்லுவேன்? அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்?

யோகா: வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு நேத்து பானைய கார் செட்டுல கட்டித் தொங்க விட்டீங்கள்ல... இன்னைக்கு விடியக்காலம் நீங்கல்லாம் எந்திக்கதுக்கு முன்ன நான் எறக்குனேன். முழங்கால் தண்ணில நின்னு அப்பாவ சித்தாத்துல விட்டுட்டேன். நீ அள்ளுதது நம்ம வெந்நி அடுப்புச் சாம்பலு. எந்திச்சு வா.