உர்சுலா டீச்சரின் ஸ்ட்ராவும் தலைவர் புகழ்ந்த குரலும்

இரங்கல் கூட்டத்துக்கும் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. வெங்கட் அவர்களே, புகைப்படத்தில் விழுந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே வந்து மேடையை நிரப்பியிருக்கும் செயற்குழுப் பெருமக்களே, கண்ணீரோடு அமர்ந்திருக்கும் நம் உர்சுலா டீச்சரின் தம்பி ஜெரார்ட் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் என் தங்கங்களே, எல்லோருக்கும் அழகர்சாமியின் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அழகர்சாமிக்கு மூன்று நிமிடம்! ஒருமுறை கனைத்துக்கொள்ளவே எனக்கு அவ்வளவு நேரம் ஆகும். ஆனால் கனைக்க மாட்டேன். டீச்சர் இருந்தால் முறைப்பார். “கனைக்காதீங்க அங்கிள், ஒரு வாய் தண்ணி குடிங்க” என்பார். இதோ, குடித்துவிட்டேன் டீச்சர்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. ஆனால் கப்பல் பட்டறையில் என் குரலுக்குப் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். செம்பவாங்கில் நான் ஒரு சத்தம் போட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் தூங்குகிறவன் எழுந்து நிற்பான். பொய் என்கிறவர்கள் ஜோகூருக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்! அப்பேர்ப்பட்ட குரல் ஒரு தைப்பூசத்தன்று டோபி காட் முனையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும்போது அறுந்து போனது. ஊரே எனக்கு வைத்தியம் சொன்னது. கிசுகிசுத்துப் பேசு, தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்றார்கள். சொன்ன மேதைகள் பாதிப் பேர் இந்த மேடையில்தான் இருக்கிறார்கள். அப்படியே கிசுகிசுத்துக்கொண்டு, குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் நம் டீச்சரிடம் போனேன்.

“அங்கிள், யாரு உங்கள கிசுகிசுன்னு பேசச் சொன்னது?”

“எல்லாரும்தான் டீச்சர். ஓய்வு குடுக்கறேன்.”

“அது ஓய்வு இல்ல லா. தொண்டைய இன்னும் இறுக்கறீங்க. வாய மூடிட்டு சும்மா இருக்க முடியுமா?”

“முடியாது டீச்சர்.”

“தெரியும். அப்ப இந்தாங்க, ஸ்ட்ரா.”

அரை டம்ளர் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. அதன் வழியாக ‘ஊ’ என்று மெல்ல ஊத வேண்டும். தண்ணீரில் குமிழி வர வேண்டும். கப்பலையே மிதக்கவிட்ட அழகர்சாமி, டன்லப் ஸ்ட்ரீட்டில் டீச்சரின் மாடி அறையில் உட்கார்ந்து குமிழி விட்டேன்! என் குரல் திரும்பி வந்தது. முன்பைவிடப் பிரமாதமாக வந்தது. கேட்கிறீர்கள் அல்லவா?

அந்த அறையில் என் பக்கத்து நாற்காலியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தவள் இளமதி. திருநங்கை. சுற்றுலா பஸ் கம்பெனியில் தொலைபேசியில் முன்பதிவு எடுக்கிற வேலை. அவள் “வணக்கம், இளமதி பேசறேன்” என்பாள். “சரிங்க தம்பி” என்பான் அந்தப் பக்கம் இருக்கிறவன். ஒரு நாளா, இரண்டு நாளா? தினமும்! அதற்காகத் தானே தொண்டையை நெரித்து, கீச்சுக் குரலில் பேசிப் பழகி, சாயங்காலம் எச்சில் விழுங்க முடியாத நிலையில் வந்து சேர்ந்தாள்.

“வலிச்சா நிறுத்தும்மா. வலிக்கறது பயிற்சி இல்ல,” என்றார் டீச்சர். “யாரு மாதிரிக் குரல் வேணும் உனக்கு?”

“யாரு மாதிரியும் வேணாம் டீச்சர். நான் பேசினா நான்தான்னு தெரியணும். அவ்ளோதான்.”

இந்த மேடையில் யாராவது இவ்வளவு தெளிவாகத் தனக்கு வேண்டியதைக் கேட்டதுண்டா?

உயரத்தில் கத்துவதால் மட்டும் பெண் குரல் வந்துவிடாது, சத்தம் வாயில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் பெரிய விஷயம் என்று டீச்சர் காட்டினார். உதடு கூசும்படி ‘ம்ம்’ என்று முனகச் சொல்வார். அந்தக் கூச்சம் அடங்குவதற்குள் ‘மல்லி’, ‘மணி’ என்று சொல்லச் சொல்வார். பிறகு ஒரு வரி, பிறகு முழுப் பேச்சு. கொஞ்ச நேரப் பயிற்சி, கொஞ்சம் ஓய்வு. சளி பிடித்தால் வகுப்புக் கிடையாது. மாதக்கணக்கில் உழைத்தாள் இளமதி.

அப்போது நம் சங்கம் என்ன செய்தது? இளமதி போன்றவர்களுக்கு வகுப்பு நடத்த, இந்த மண்டபத்தின் பின்னறையைச் சனிக்கிழமை காலையில் மட்டும் டீச்சர் கேட்டார். “குடும்பங்கள் வர்ற இடம் டீச்சர்” என்று கதவைச் சாத்தினார் தலைவர். அந்த அறையில் சனிக்கிழமை காலை எந்தக் குடும்பம் வந்தது? கரப்பான் பூச்சிக் குடும்பம்தான் வந்தது! இன்று அதே மண்டபத்தில், டீச்சர் படத்தைவிடத் தலைவர் படம் பெரிதாக ஒரு பதாகை. வெட்கம் என்பது வாடகைக்குக் கிடைத்தால் முதலில் இந்த மேடைக்குத்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் கேளுங்கள். டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். அழுதுகொண்டிருந்த ஜெரார்ட், டீச்சரின் கைபேசியை இளமதியிடம் கொடுத்து, “நீ பேசும்மா” என்றார். டீச்சரின் பாசிர் ரிஸ் வீட்டில் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆயிரம் அழைப்பு வந்திருக்கும். அதில் ஒன்று நம் தலைவருடையது. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் வீடே கேட்டது.

“அம்மா, நீங்க டீச்சருக்குச் சொந்தமா? எவ்ளோ நிதானமாப் பேசறீங்க! இந்த மாதிரிக் குரல் நம்ம சங்கத்துல ஒரு லேடிக்கும் இல்லம்மா. இரங்கல் தீர்மானத்த நீங்கதான் படிக்கணும்.”

“சரிங்க சார், படிக்கறேன்,” என்றாள் இளமதி. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மாமா, என்னை அம்மான்னு கூப்பிட்டாரு,” என்றாள். டீச்சர் காதில் போய்ச் சொல்ல முடியவில்லையே என்று அப்புறம்தான் உடைந்து அழுதாள்.

இன்று வெள்ளைப் புடவையில் வாசலுக்கு வந்தாள். தலைவர் பார்த்தார். அவள் படிக்க வேண்டிய தீர்மானம் தலைவர் கைக்கே போய்விட்டது. ஏன் என்று நான் கேட்டேன். “கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்ணே” என்கிறார்.

கேட்டுவிட்டீர்களே ஐயா! கேட்டுத்தானே கொண்டாடினீர்கள்? காதால் கேட்டபோது தேனாக இருந்தது கண்ணால் பார்த்ததும் கசக்கிறதா? உங்கள் காது செய்த நியாயத்தைக்கூட உங்களால் செய்ய முடியவில்லை. நீங்கள் தலைவர்!

டீச்சர் ஆரம்பித்த வகுப்பு நிற்காது. வரும் சனிக்கிழமை முதல் மார்சிலிங்கில் என் வீட்டுக் கூடத்தில் நடக்கும். டீச்சரிடம் தொழில் கற்ற, முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய வர்ஷா வந்து சொல்லிக்கொடுப்பார். என் மனைவி பாப்பம்மாள் சோபாவை நகர்த்திவிட்டாள். நகர்த்தாவிட்டால் இன்று போய் நகர்த்துவாள். டம்ளர், தண்ணீர், ஸ்ட்ரா எல்லாம் அழகர்சாமி பொறுப்பு.

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள். என் நேரம் முடியவில்லை. மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுக்கிறேன். தீர்மானத் தாளை இப்படிக் கொடுங்கள். கொடுங்கள் ஐயா, இழுக்காதீர்கள், கிழிந்துவிடும்.

இளமதி, வாம்மா. அவசரம் இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடி. மைக்கை உன் உயரத்துக்கு வைத்துவிட்டேன்.

சபையோரே, யாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.